நாளை வங்கிகள் திறக்கின்றன

தோழர்களே,

இன்று 2023 ஜூலை 3, போயா விடுமுறை. வியாழக்கிழமை ஹஜ் பெருநாளுக்கு மூடிய வங்கிகள் ஐந்து நாளாகத் திறக்கவில்லை. இடையில் வந்த வெள்ளிக்கிழமையை விசேட வங்கி விடுமுறை ஆக்கினார்கள். சனிக்கிழமை பாராளுமன்றத்தை அவசரமாகக் கூட்டினார்கள். ஆதரவாக 122 வாக்கு, எதிராக 62. வங்கிக் கதவுகள் சாத்தியிருந்த நாட்களுக்குள்ளேயே இந்நாட்டு உழைப்பாளிகளின் முதுமைக்காலச் சேமிப்பில் கைவைக்க அனுமதி வாங்கிவிட்டார்கள்.

இந்த ஐந்து நாளும் நாம் என்ன செய்தோம்? அறிக்கை விட்டோம். முகநூலில் கொதித்தோம். ஒரு தொழிற்சாலையின் சங்கு அதற்காக நிற்கவில்லை. ஒரு மலையில் கொழுந்துக்கூடை கீழே இறங்கவில்லை. ஒரு ரயில் தாமதிக்கவில்லை. அவர்கள் அவசரப்பட்டார்கள், நாம் ஆறுதலாக இருந்தோம். ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இந்தக் கோபமும் அப்படி ஆறிப்போவதற்குள் உங்களோடு பேசவேண்டியிருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்துத் திண்ணையில் ஓர் அம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார். உள்ளே போய், தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, சோறு வைத்து ஒட்டிய ஒரு தாள். ஊழியர் சேமலாப நிதியின் கணக்குத் தாள். அதிலிருந்த பெயருக்கும் அடையாள அட்டையிலுள்ள பெயருக்கும் இரண்டெழுத்து வித்தியாசம். அதைத் திருத்த எத்தனை முறை தொழில் திணைக்களப் படி ஏறினார் என்பது வேறு கதை. முப்பத்து மூன்று வருடம் கொழுந்தெடுத்த கை அந்தத் தாளைத் தடவித் தடவி நேராக்கியது. பிறகு கேட்டார்:

"தம்பி, எங்க ஈ.பி.எஃப். காசுல கைய வச்சுட்டாங்களாமே, நெசமா? இப்ப நாங்க என்னா செய்யணும்?"

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது. அவருக்கு நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லவேண்டிய பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். "உள்நாட்டுப் படுகடன் உகப்பாக்கல்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரட்டுக்களத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. விளங்கும்படி சொல்வது நம் வேலை.

1958இல் தொடங்கிய சேமலாப நிதியில், இன்று நம் சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்து, முதலாளி 12 வீதம் போட்டுச் சேர்க்கிறார்கள். 1,000 ரூபா நாட்சம்பளத்தில் 80 ரூபா தொழிலாளியின் கைக்கு வருவதே இல்லை. மழை பெய்தாலும் அட்டை கடித்தாலும் அந்த 80 ரூபா போய்க்கொண்டேயிருக்கிறது. அப்படிச் சேர்ந்து சேர்ந்து இன்று அது 3 ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டிய நிதி. அதை ஆளுவது மத்திய வங்கியின் நாணயச் சபை. அந்தச் சபையில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. நிதியின் மிகப் பெரும்பகுதியை அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுத்திருக்கிறார்கள், திறைசேரி முறிகளாக.

இப்போது அரசாங்கம் சொல்கிறது: அந்த முறிகளைத் திருப்பிக் கொடு, புதிய முறி தருகிறேன். 2025 வரை 12 வீத வட்டி, அதன்பிறகு 9 வீதம். அவை 2027 தொடங்கி 2038 வரை முதிரும். இன்று நாற்பது வயதான ஒரு தொழிலாளி, 55 வயதில் தன் பணத்தை எடுக்கப்போகும் வருடம் வரைக்கும் இந்தக் கயிறு நீள்கிறது. மாற்றிக்கொள்ள மறுத்தால் என்ன? நிதியின் முறி வருமானத்துக்கு இப்போதுள்ள 14 வீத வரி 30 வீதமாகும். இதைத்தான் "விருப்பத்தின் பேரில்" என்கிறார்கள். கழுத்தில் கத்தி வைத்துவிட்டு விருப்பமா என்று கேட்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்குக் குறைவாக உழைப்பவர் வருமான வரி கட்டத் தேவையில்லை என்பது இந்நாட்டுச் சட்டம். கொழுந்தெடுக்கும் பெண்ணும் கட்டுநாயக்கவில் தைக்கும் பெண்ணும் அந்த எல்லைக்கு வெகு கீழே. ஆனால் அவர்களுடைய சேமிப்பின் வருமானத்துக்கு 14 வீதம் ஏற்கெனவே போகிறது. இப்போது 30 என்று மிரட்டுகிறார்கள். சம்பளத்தில் வரி கேட்க முடியாதவர்களிடம் கிழட்டு வயதுக்கு வைத்த காசில் கேட்கிறார்கள்.

இதில் யார் தப்பினார்கள்? வங்கிகள் தப்பின. திறைசேரி உண்டியல் வைத்திருக்கும் தனியார் தப்பினார்கள். நெருக்கடி முற்றிய 2022இல் அந்த உண்டியல்களின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. கையில் பணமிருந்தவர்கள் வாங்கிக் குவித்தார்கள். அவர்களுக்கு ஒரு சதமும் குறையாமல் கிடைக்கும். சொத்துக்கும் பரம்பரைச் செல்வத்துக்கும் வரி வரும் என்று சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அது 2025இல். பணக்காரனுக்கு இரண்டு வருட அவகாசம். தொழிலாளிக்கு ஒரு நீண்ட வாரவிடுமுறை.

வங்கிகள் சரிந்தால் மக்களின் வைப்புகளும் சரியும், அதனால்தான் வங்கிகளைத் தொடவில்லை என்று மத்திய வங்கி சொல்கிறது. வங்கி விழுந்தால் ஏழையின் வைப்பும் விழும் என்பது உண்மை. அதை நாம் மறுக்கக்கூடாது. ஆனால் வைப்பைக் காப்பது ஒன்று, பங்குதாரரின் இலாபத்தைக் காப்பது இன்னொன்று. வைப்பாளரின் சிறுசேமிப்பையும் சேமலாப நிதியையும் சேர்த்துக் காத்துவிட்டு, 30 வீதத்தில் உண்டியல் வாங்கியவரின் மேல் வரி போட்டிருக்கலாம். அந்த வழியை மேசையில் வைத்துப் பேசவே இல்லை. பேசவைக்க வெளியே யாரும் நிற்கவில்லை. அங்கே நின்றிருக்கவேண்டியவர்கள் நாம்தான்.

"9 வீதம் உறுதியாகக் கிடைக்கும், யாருக்கும் நட்டமில்லை" என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 2022இல் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அந்த வருட முடிவில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 57 வீதம் ஏறியிருந்தது. வருடத் தொடக்கத்தில் நிதியில் கிடந்த 100 ரூபா 109 ஆனது. தொடக்கத்தில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 157 ஆனது. அந்த அம்மாவின் முப்பத்து மூன்று வருட உழைப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்த அறிவிப்பு வருவதற்கு முன்பே விலைவாசியில் கரைந்துவிட்டது. கரைந்ததுபோக மிஞ்சியதில்தான் இப்போது கை வைக்கிறார்கள்.

தோழர்களே, இந்த நெருக்கடியை உண்டாக்கியது அந்த அம்மாவா? 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தவர் அவரா? கம்பனிகளின் வரியை 28இலிருந்து 24 ஆக்கியவர் அவரா? அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 10 வீதத்துக்கும் கீழே விழுந்தது அந்த முடிவுகளால். 2021இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிறுத்தி வயலையும் தேயிலையையும் வாடவைத்தது அவரல்ல. 2022 ஜனவரி 18 அன்று, மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத நாட்டிலிருந்து, 500 மில்லியன் டொலரை வெளிநாட்டு முறிக்காரர்களுக்கு எடுத்துக் கொடுத்ததும் அவரல்ல. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அதே அரசாங்கம் அறிவித்தது. முடிவெடுத்தவர்களில் ஒருவரும் தன் சேமிப்பை இழக்கவில்லை.

இதெல்லாம் அவர்கள் செய்தது. நாம் செய்யாமல் விட்டதையும் பேசவேண்டும்.

காலிமுகத்திடலில் 2022 ஏப்ரல் 9 முதல் கூடாரம் போட்டு அரசாங்கத்துக்கு எதிராகப் போராடியவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். ஏப்ரல் 28 பொது வேலைநிறுத்தம், மே 6 ஹர்த்தால். அந்த இரண்டு நாளும் இலங்கை நின்றது. ரயில் நின்றது, வங்கி நின்றது, சுதந்திர வர்த்தக வலயம் நின்றது, தோட்டமும் நின்றது. அரசாங்கத்தின் கால் நடுங்கியதை நாம் கண்ணால் பார்த்தோம். ஆனால் அதற்குப் பிறகு சங்கங்கள் வேலைக்குத் திரும்பின. ஜூலையில் ஒரு ஜனாதிபதி ஓடினார். இன்னொருவரைப் பாராளுமன்றம் 134 வாக்கில் தேர்ந்தெடுத்தது. இரண்டாவது இரவு படையை அனுப்பிக் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார்கள். மாணவர் தலைவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்தார்கள். அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்று நாற்பது வருடமாகத் தமிழர் வீடுகளுக்குத் தெரியும்.

அன்று முதல் நாம் சோர்ந்திருக்கிறோம். பெற்றோல் வரிசை குறைந்ததும் நெருக்கடி குறைந்துவிட்டது என்று நம்பத் தொடங்கினோம். வரிசை குறைந்தது, வாங்கக் காசில்லாமல் மக்கள் வரிசையைவிட்டுப் போனதாலும்தான். ஒகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. வடக்கில் எத்தனை மீனவர் வள்ளத்தைக் கரையில் இழுத்துப் போட்டார்கள் என்று அந்தக் கரைகளில் போய்ப் பாருங்கள். மின்கட்டணத்தை அதே மாதம் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள், இந்தப் பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம். வரிசை தெருவிலிருந்து வீட்டுக்குள் போய்விட்டது. அதனால் நம் கண்ணில் படவில்லை.

தேர்தல் வரட்டும், அப்போது பாடம் படிப்பிப்போம் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எந்தத் தேர்தல்? மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசில்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டவர்கள்தான் இவர்கள். வாக்குப் பெட்டிக்காகக் காத்திருப்பது ஓர் அரசியல். காத்திருக்கும்போது வீட்டில் திருட்டு நடந்தால் எழுந்து கதவைப் பிடிப்பதும் அரசியல்தான்.

மார்ச் 15ஐயும் மறக்கவேண்டாம். வருமான வரி 36 வீதம் வரை ஏறியதை எதிர்த்து வைத்தியர், விரிவுரையாளர், வங்கி ஊழியர், துறைமுகத் தொழிலாளர் எல்லோரும் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது, நானும் நின்றேன். ஆனால் இன்று கேட்கிறேன்: நம் சம்பளத்தில் கை வைத்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள் ஒன்றாக நின்றன. தையல்காரப் பெண்ணின் சேமிப்பில் கை வைக்கும்போது அந்த நாற்பதும் எங்கே? இந்தக் கேள்வி வலயத்தில் கேட்கப்படுகிறது, தோட்டத்தில் கேட்கப்படுகிறது. பதில் சொல்லாமல் போனால் அடுத்த முறை நாம் கூப்பிடும்போது யாரும் வரமாட்டார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்கு அடித்தபோது அவர்கள் எங்கே இருந்தார்கள்?" என்ற கேள்வி உங்கள் வாயில் இருக்கிறது. அது நியாயமான கேள்வி. அதைக் கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்த நிதியில் வவுனியா ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் காசும் இருக்கிறது, யாழ்ப்பாணத்துக் கடைச் சிப்பந்தியின் காசும் இருக்கிறது. கேள்வியைக் கைவிடாமலே, அதே தெருவில் பக்கத்தில் நின்று கேட்கலாம். பக்கத்தில் நின்று கேட்கும்போது அந்தக் கேள்விக்குக் காதும் கிடைக்கும்.

நம்மால் முடியாது என்று நினைப்பவர்களுக்கு 2011 மே 30ஐ ஞாபகப்படுத்துகிறேன். தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் என்ற பெயரில் அன்றும் இதே நிதியின் பக்கம் கை நீட்டினார்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் இருபது வயதுப் பெண்கள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பெரிய தலைவர்கள் இல்லை. பொலிஸ் சுட்டது. ஓர் இளம் தொழிலாளி உயிர்விட்டார். பொலிஸ் மாஅதிபர் பதவி விலகினார். அரசாங்கம் சட்டமூலத்தைத் திரும்ப எடுத்தது. போரை வென்ற மமதையில் இருந்த அரசாங்கம் அது. அதையே பின்வாங்கவைத்தார்கள். இன்று நாம் காக்கவேண்டிய நிதி, அந்த இளைஞனின் இரத்தத்தால் ஒருமுறை காக்கப்பட்ட நிதி.

வரும் ஒகஸ்ட் 12 அன்று 1953 ஹர்த்தாலுக்கு எழுபது வருடம் நிறைகிறது. கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது இந்நாட்டு மக்கள் தண்டவாளத்தைக் கழற்றி, தெருவை மறித்து, கடையைப் பூட்டினார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். அதற்கு மறுபக்கமும் உண்டு. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலையிழந்தார்கள். அந்தப் பயம் இன்னும் நம் சங்கங்களின் எலும்பில் இருக்கிறது. 1953இல் தொழிலாளியோடு ஊரே எழுந்தது. 1980இல் தொழிலாளி தனியே நின்றார். இந்த இரண்டு வருடங்களும் நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முறிப் பரிமாற்றம் இன்னும் முடியவில்லை. 30 வீத வரிக்கான சட்டமும் இன்னும் பாராளுமன்றத்துக்கு வரவேண்டும். இடையிலிருக்கும் நாட்கள் நம்முடையவை.

நாளைக் காலை ஒவ்வொரு வேலைத்தலத்திலும் பத்து நிமிடம் எடுங்கள். பிரட்டுக்களத்தில், தொழிற்சாலை வாசலில், டிப்போவில், ஆஸ்பத்திரி முற்றத்தில். உங்கள் சேமலாபக் கணக்குத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த 109க்கும் 157க்கும் உள்ள கணக்கைச் சொல்லுங்கள். அது யாருக்கும் விளங்கும்.

வங்கி ஊழியத் தோழர்களே, நாளை கவுண்டரில் முதலில் மக்களைச் சந்திக்கப்போவது நீங்கள். பதற்றத்தோடு வருபவரிடம் வைப்புக்கு ஆபத்தில்லை என்று சொல்லுங்கள். கூடவே, ஆபத்து எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் ஒரே துண்டுப்பிரசுரம் போடுவோம். கோரிக்கைகளை நான்கோடு நிறுத்துவோம். சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் இதிலிருந்து முழுதாக விடுவிக்கவேண்டும். நிதியை ஆளும் இடத்தில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமரவேண்டும். செல்வ வரி 2025 வரை காத்திராமல் இந்த வருடமே வரவேண்டும். தள்ளிப்போட்ட தேர்தலை நடத்தவேண்டும். சேமலாப நிதியே இல்லாத கூலித் தொழிலாளியும் மீனவரும் நம்மோடு நிற்கவேண்டுமானால் மண்ணெண்ணெய் விலையையும் மின்கட்டணத்தையும் நம் பேச்சில் முன்னால் வையுங்கள். அவர்கள் நின்றால்தான் இது 1953.

பெரிய சங்கமும் சிறிய சங்கமும், சிவப்புக் கொடியும் நீலக் கொடியும், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கூட்டுக் குழுவில் உட்காருங்கள். யார் தலைமை என்ற சண்டையை வென்ற பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒகஸ்ட் 12க்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அன்று இந்நாடு ஒரு நாள் நிற்கவேண்டும்.

இது மலையகத் தமிழர் இம்மண்ணுக்கு வந்த இருநூறாவது வருடம். இருநூறு வருடம் உழைத்தவர்களின் கையில் இன்று மிஞ்சியிருப்பது இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரப்படுத்திய ஒரு தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் திண்ணைக்குத் திரும்பிப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் கேட்டது: நாங்கள் என்ன செய்யவேண்டும்? அதற்கு, "எழுந்துவிட்டார்கள் அம்மா, நீங்களும் வாருங்கள்" என்று சொல்லவேண்டும். அந்தப் பதிலை நாளைக் காலை நீங்கள்தான் எழுதித் தரவேண்டும், தோழர்களே. எழுந்து வாருங்கள்.